ஏழாம் இதழின் மூன்றாம் பக்கம்

எங்கள் ஊரில் டாக்டர் மெரில் தாக்ஸ்டரிடம் பல் பிடுங்கிக்கொள்ளாதவர் யாரும் கிடையாது. அதனாலேயே அவருடைய கொள்ளுத்தாத்தாவின் கதை தெரியாதவரும் யாரும் கிடையாது. நாற்பது வருஷம் அவர் ஒரே முறையைத்தான் கையாண்டார். முதலில் வாயைத் திறக்கச் சொல்வார். பஞ்சையும் உறிஞ்சு குழாயையும் உள்ளே வைத்து, எதிராளி பதில் பேச வழியே இல்லை என்று உறுதி செய்துகொள்வார். பிறகுதான், "1851 மார்ச் மாசம் இந்த மலையில என்ன குளிர் தெரியுமா?" என்று ஆரம்பிப்பார்.

கதை இதுதான். தங்கம் தேடி வந்த கூட்டம் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டிருந்த காலம். பனி கொட்டிப் பாதை மூடிக்கொண்டது. கோவேறு கழுதைகள் வரவில்லை, ஆகவே மாவும் வரவில்லை. எங்கள் முகாமில் எண்பது பேர் பூட்ஸ் தோலை வேகவைத்துத் தின்னலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அபிஜா தாக்ஸ்டர் என்ற ஒரே ஒரு மனிதர் முதுகில் மாவு மூட்டையோடு மலைமுகட்டைத் தாண்டி வந்து இறங்கினார். முகாம் பிழைத்தது. நன்றியுள்ளவர்கள் ஊருக்குத் தாக்ஸ்டர்வில் என்று பெயர் வைத்தார்கள். தபால் ஆபீஸ் முன்னால் அவருக்கு வெண்கலச் சிலையும் வைத்தார்கள். ஒரு மூட்டை மாவை எண்பது பேர் எப்படி ஒரு மாதம் சாப்பிட்டார்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன். அன்றைக்கு எனக்கு மரத்துப்போகும் ஊசி கொஞ்சம் குறைவாகப் போடப்பட்டது என்று இன்றுவரை சந்தேகப்படுகிறேன்.

நான் ரோவீனா ஹாஸ்கல். மெயின் தெருவில் பழைய புத்தகமும் பழைய காகிதமும் விற்கிறேன். அதாவது, விற்பதற்காக வைத்திருக்கிறேன். இந்த மாவட்டத்தின் பழங்காகிதச் சேகரிப்பாளர் சங்கத்துக்குச் செயலாளரும் நானே. சங்கத்தில் ஒன்பது பேர். அவர்களில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிறவர்கள் ஐந்து பேர்.

டாக்டர் சேகரித்தது 'சியரா சித்திரச் செய்தி' என்ற வாரப் பத்திரிகை. 1851ஆம் வருஷம் மொத்தம் பதினோரு இதழ்கள் வந்தன. மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட படங்கள், துணிக்கூழில் செய்த தாள். பிறகு அச்சகம் எரிந்துபோனது. அந்தக் காலத்தில் பெரும்பாலான பத்திரிகைகள் அப்படித்தான் நின்றன. பத்து இதழ்கள் டாக்டரிடம் இருந்தன. அவற்றுக்கென்று ஒரு தனி அறை, அந்த அறைக்கு வருஷம் முழுக்க ஒரே வெப்பம். "எனக்குக் குளிருதுன்னா ஸ்வெட்டர் போட்டுக்கோங்கறார். பேப்பருக்குக் குளிருதுன்னா மெக்கானிக்கைக் கூப்பிடறார்" என்பாள் அவர் மனைவி கோரா.

இல்லாதது ஏழாம் இதழ் மட்டும். எட்டாம் இதழில் ஒரு வாசகர் கடிதம் வந்திருந்தது: 'சென்ற வாரம் தாங்கள் வெளியிட்ட திரு. தாக்ஸ்டரும் மாவு மூட்டையும் என்ற படத்தில் முக ஜாடை மிகவும் பொருத்தம்.' இந்த ஒரு வரிக்காக டாக்டர் முப்பத்தொரு வருஷம் அலைந்தார். கொள்ளுத்தாத்தாவின் புகைப்படம்கூட ஒன்றும் கிடையாது. ஊரைக் காப்பாற்றிய கணத்தில், நேரில் பார்த்தவன் செதுக்கிய படம் எங்கேயோ ஒரு பரணில் கிடக்கிறது என்ற நினைப்பிலேயே அவர் தலை நரைத்தது.

கிடைத்தது 1991 ஏப்ரலில், சாக்ரமெண்டோவில் நடந்த பழங்காகிதச் சந்தையில். நானும் அவரோடு போயிருந்தேன். ஆரிகன் பக்கத்திலிருந்து வந்த ஒரு தூங்குமூஞ்சி மனிதர் பழைய விதைப் பொட்டலங்களையும் பழப்பெட்டி லேபிள்களையும் பரப்பி வைத்திருந்தார். நடுவே பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடித்த ஒரு செய்தித்தாள். மேல் மூலையில் 'இதழ் 7' என்று தெளிவாகத் தெரிந்தது. அதன் மேல் ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

கை வெர்னா ஸ்பூனருடையது. மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம், பட்டினிப் பள்ளம் என்ற ஊர்க்காரி. முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். சங்க உறுப்பினர்தான், ஆனால் டாக்டரோடு பேசாத பிரிவைச் சேர்ந்தவள்.

"என்ன விலை?" என்று கடைக்காரரைக் கேட்டாள்.

"ஒரு முகம் பார்க்கிற கண்ணாடிக்குப் பின்னால அட்டைக்குப் பதிலா வச்சிருந்தாங்கம்மா. ஒரு நாப்பது..."

"நானூறு!" என்றார் டாக்டர்.

கடைக்காரர் திடுக்கிட்டு விழித்தார். "சார், நான் நாப்பதுதான் சொல்ல வந்தேன்."

"எண்ணூறு!"

நான் டாக்டரின் சட்டைக் கையை இழுத்தேன். "டாக்டர், இதுவரைக்கும் உங்களோட போட்டி போடுறது நீங்க மட்டும்தான்."

வெர்னாவுக்கு அவ்வளவு வசதி கிடையாது. ஆனால் கிடைத்த சந்தர்ப்பத்தை அவள் ஏன் விடப்போகிறாள்? "ஆயிரம்" என்றாள் சாவகாசமாக. அப்புறம் "ஆயிரத்தைந்நூறு". அப்புறம் கைப்பையைத் திறந்து ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு "இரண்டாயிரம்". டாக்டர் இரண்டாயிரத்து அறுநூறுக்குப் போனதும், "எனக்கு வேணாம்பா" என்று கையை எடுத்துக்கொண்டாள்.

"முதல்ல பிரிச்சுப் பாருங்க டாக்டர். உள்பக்கம் எப்படி இருக்கோ."

"பழைய தாளைக் கண்ட இடத்துல பிரிக்கக் கூடாது. மடிப்புல உடைஞ்சிடும். ஈரம் காட்டிப் பதமாத்தான் பிரிக்கணும். பஸ் ஓட்டினவங்களுக்கு அது தெரிய நியாயமில்ல."

"கதவைத் திறக்கறதுக்கு முன்னால எந்த ஸ்டாப்புன்னு பார்க்கணும். எங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றாள் வெர்னா.

டாக்டர் அதைக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரோ சந்தை வாசலிலிருந்த பொதுத் தொலைபேசியில் எங்கள் மேயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜூன் இரண்டாம் ஞாயிறு, ஊர் நிறுவனர் தினம். நூற்றுநாற்பதாவது வருஷம். அபிஜா தாக்ஸ்டரின் அசல் படம் பன்னிரண்டு அடி உயரத் துணியில் பெரிதாக்கி, சிலைக்குப் பின்னால் தொங்கவிடப்படும். மேயர் சம்மதித்தார். அடுத்த அழைப்பு உள்ளூர் பத்திரிகைக்கு. தான் இன்னும் பார்க்காத ஒரு படத்தைப் பற்றி டாக்டர் கால் மணி நேரம் வர்ணித்தார். 'முகத்தில் தியாகம் ஒளிர்கிறது' என்ற வரி மறுநாள் அச்சிலும் வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் அவர் வீட்டில் இதழைப் பிரித்தோம். ஒற்றுத்தாள் என் கடையிலிருந்து போனதால் எனக்கும் அழைப்பு. ஈர ஒற்றுத்தாளோடு மூடியுள்ள தட்டில் காலையிலிருந்து வைத்திருந்ததில் தாள் வெற்றிலைபோல் இளகியிருந்தது. டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, எலும்புத் தகட்டால் ஒவ்வொரு மடிப்பாக விலக்கினார். அவருடைய கைகள் என் கடைவாய்ப் பல்லிடம் ஒருநாளும் காட்டாத மென்மையை அந்தத் தாளிடம் காட்டின.

முதல் பக்கத்தில் ஆற்றில் மண் அலசும் காட்சி. இரண்டாம் பக்கத்தில் கல்லீரல் மாத்திரை விளம்பரம், மண்வெட்டி விளம்பரம். மூன்றாம் பக்கம் முழுக்க ஒரே படம்.

அபிஜா தாக்ஸ்டர் இருந்தார். மாவு மூட்டை இருந்தது. மலைச்சரிவும் பனியும் இருந்தன. கூடவே, அவர் கால்சட்டையைக் கவ்வியபடி ஒரு நாயும் இருந்தது. நாய்க்குப் பின்னால் நாற்பது பேர். ஆளுக்கொரு காலித் தட்டைத் தூக்கிக்கொண்டு துரத்தி வருகிறார்கள். அபிஜா தலையைத் திருப்பி அவர்களைப் பார்த்தபடி ஓடுகிறார். தியாகம் என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று அந்த முகத்தில் ஒளிர்ந்தது.

கீழே எழுதியிருந்ததை நான்தான் வாசித்தேன். டாக்டரால் முடியவில்லை.

'வளமேடு முகாமின் கடைசி மாவு மூட்டைக்குக் காவல் வைக்கப்பட்ட திரு. அபிஜா தாக்ஸ்டர், அதை யாரும் தொட முடியாத தூரத்துக்குக் கொண்டு செல்லும் காட்சி. மலைக்கு அப்பால் உள்ள முகாமில் ஒரு கோப்பை மாவு ஒரு டாலர் வீதம் அவர் விற்றுவருவதாகக் கேள்வி. வளமேடு என்ற பெயரை மாற்றிப் பொருத்தமான வேறு பெயர் வைக்க இங்குள்ளோர் தீர்மானித்துள்ளனர்.'

கோரா காபித் தட்டோடு வந்து அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்தாள். பிறகு உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

"மெரில், காது அப்படியே உன்னோடது!"

"இது போலி" என்றார் டாக்டர்.

"போலிக்கா இரண்டாயிரத்து அறுநூறு குடுத்தே?"

"அப்ப இது வேற அபிஜா தாக்ஸ்டர். அந்தக் காலத்துல நிறையப் பேர் இருந்திருப்பாங்க."

"மாவு மூட்டையோடயா?"

"பத்திரிகைக்காரன் எவன்கிட்டயோ காசு வாங்கிட்டு எழுதியிருக்கான்!"

"டாக்டர், இந்த மாநிலத்துலயே பொய் எழுதாத பத்திரிகை இது ஒண்ணுதான்னு சங்கக் கூட்டத்துல நீங்க ஒண்ணரை மணி நேரம் பேசினீங்க. குறிப்பு என்கிட்ட இருக்கு" என்றேன்.

அவர் பூதக்கண்ணாடியை எடுத்து, தாத்தாவின் முகத்தை விட்டுவிட்டு நாயையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எங்கள் இருவரிடமும் யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். கோரா சிரிப்பு அடங்கியதும் செய்து தருவதாகச் சொன்னாள்.

மறுநாளே மேயரிடம், மூன்றாம் பக்கம் மிகவும் நொய்ந்திருக்கிறது, முதல் பக்கப் படத்தைப் பெரிதாக்கினால் போதும் என்று சொல்லிவிட்டார்.

"ஆத்துல மண் அலசுற படமா? அதுல உங்க தாத்தா எங்கே?" என்று மேயர் கேட்டார்.

"அந்தக் கூட்டத்துல எங்கேயோ இருக்கார்" என்றார் டாக்டர்.

விஷயம் அதோடு அமுங்கியிருக்கும். ஆனால் ஒரு பழைய செய்தித்தாளுக்கு ஒரு கிறுக்கு டாக்டர் இரண்டாயிரத்து அறுநூறு டாலர் கொடுத்தார் என்ற செய்தி மலையின் இரண்டு பக்கமும் பரவியிருந்தது. நூற்றுநாற்பது வருஷமாக யாரும் ஏறாத பரண்களிலெல்லாம் ஜனங்கள் ஏறினார்கள். டிரங்குப் பெட்டிகளின் அடிக்காகிதத்தை உரித்தார்கள். சமையலறைத் தரை விரிப்பைக் கிளப்பினார்கள். இரண்டாவது பிரதி ஒரு தொப்பிப் பெட்டிக்குள்ளிருந்து என் கடைக்கே வந்தது. கொண்டுவந்த அம்மாளுக்கு நியாயமான விலை கொடுத்தேன். டாக்டருக்கு அவ்வளவு நியாயமில்லாத விலைக்கு விற்றேன். எனக்கு அன்று கொஞ்சம் வெட்கமாக இருந்தது. மறுநாள் கடைக்கூரையைச் செப்பனிட ஆள் வந்ததும் சரியாகிவிட்டது.

மே மாதம் முடிவதற்குள் மேலும் இரண்டு வந்தன. உலகத்தில் எவரிடமும் இல்லாத இதழ், டாக்டரின் மேஜை டிராயரில் நான்கு பிரதிகள். ஒருநாள் அவர் மூன்று பிரதிகளை எடுத்துக்கொண்டு பின்கட்டில் இறைச்சி வாட்டும் அடுப்பருகே போனாராம். கோரா ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். தீப்பெட்டியோடு ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார். குச்சியை உரசியிருக்கிறார், அணைத்திருக்கிறார். பிறகு உள்ளே வந்து, மூன்றையும் புதிய உறைகளில் போட்டு, பென்சிலால் எண் எழுதி அடுக்கிவிட்டார்.

"அழுதுட்டே அடுக்கினார் ரோவீனா" என்று கோரா என்னிடம் சொன்னாள். அவள் அப்போது சிரிக்கவில்லை.

நிறுவனர் தினத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது வெர்னா எனக்குப் போன் செய்தாள்.

"உங்க டாக்டர்கிட்ட சொல்லு. என்கிட்டயும் ஒரு ஏழாம் நம்பர் இருக்கு. ஆனா எடுத்துட்டு வர முடியாது. அவரே வந்து பார்க்கட்டும்."

பட்டினிப் பள்ளத்துக்கு மலைப்பாதையில் பதினொரு மைல்.  முகவரி வெர்னாவின் தம்பியுடைய கோழிக்கூடாக இருந்தது. முன்னொரு காலத்தில் சுரங்கக்காரன் எவனோ குடியிருந்த மரக்குடிசை அது. குளிர் உள்ளே வராமலிருக்க அந்தக் காலத்தில் சுவர்ப் பலகை மேல் செய்தித்தாளைப் பசை போட்டு ஒட்டுவார்கள். தீவன மூட்டைகளை நகர்த்தியபோது தெரிந்ததாம். கோழி எச்சத்துக்கும் புகைக் கரிக்கும் நடுவே, விரித்து ஒட்டிய ஏழாம் இதழ். உள்பக்கம் வெளியே தெரிய ஒட்டியிருந்தார்கள். இடது பக்கம் கல்லீரல் மாத்திரை, வலது பக்கம் அபிஜா. அவர் முழங்காலில் யாரோ ஒரு ஆணி அடித்து அதில் வாளி மாட்டியிருந்தார்கள்.

வெர்னா ஒரு கவிழ்த்த பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க டாக்டர். பார்த்து உட்காருங்க, அந்தக் கூடையில முட்டை இருக்கு."

"எவ்வளவு வேணும்?" என்றார் டாக்டர் நின்றபடியே.

"எதுக்கு?"

"இந்தக் கூண்டுக்கு."

"கோழியோடயா, கோழி இல்லாமயா?"

"விளையாடாதீங்க வெர்னா. விலையைச் சொல்லுங்க."

"கையில ஏற்கெனவே நாலு வச்சிருக்கீங்க. ஒரே இதழை ஏன் திரும்பத் திரும்ப வாங்கறீங்கன்னு ஒரு வாரமா யோசிச்சேன். ஒரு பல் டாக்டர் வாயை மூடிக்கிட்டு இருக்கார்னாலே ஏதோ கோளாறுன்னு அர்த்தம். நேத்து வாளியைக் கழட்டினதும் புரிஞ்சிடுச்சு. வளமேடுங்கறது எங்க ஊரோட பழைய பேரு." அவள் எழுந்து சுவரருகே போனாள்.  "எங்க குடும்பக் கல்லறையில ஒரு கல்லு இருக்கு டாக்டர். பேரு கிடையாது. 'பசி, 1851' அப்படின்னு மட்டும் வெட்டியிருக்கும். சின்ன வயசுல நாங்க எல்லாரும் பசிங்கறது அவரோட பேருன்னு நெனச்சோம். பசி மாமான்னுதான் சொல்லுவோம். என் கொள்ளுத்தாத்தாவுக்கு அண்ணன். இதோ இந்தத் தட்டு தூக்கினவங்கள்ல ஒருத்தரா இருப்பாரு. யாருன்னுதான் தெரியல."

 டாக்டர் கூடையை நகர்த்திவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கு இது தெரியாது வெர்னா."

"தெரியாம இருந்தது தப்பில்ல. தெரிஞ்சப்புறம் இன்னும் மூணு வாங்கினீங்களே, அதைத்தான் சொல்றேன்."

"நீங்களே போய் எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. என்னால முடியாது."

"நான் சொன்னா பஸ்காரிக்குப் பொறாமைம்பாங்க. நீங்க சொன்னாத்தான் அது சரித்திரம். ஞாயித்துக்கிழமை முன்வரிசையில எனக்கு ஒரு நாற்காலி போட்டு வைங்க."

திரும்பி வரும்போது டாக்டர் கேட்டார். "ரோவீனா, ஊரை விட்டுப் போறதா இருந்தா எங்கே போகலாம்?" நான் பனி பெய்யாத ஊர்கள் நாலைந்தைச் சொன்னேன். சிலையை உருக்கிவிடுவார்கள், ஊர்ப்பெயரை மாற்றிவிடுவார்கள், கோராவைக் கடையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நானும் இல்லை என்று மறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தபால் ஆபீஸ் முன்னால் ஊரே கூடியிருந்தது. அதாவது, இலவசமாக வாட்டிய கோழி கிடைக்கும் என்று தெரிந்த எல்லோரும். டாக்டர் சனிக்கிழமையே துணியில் படத்தைப் பெரிதாக்குகிறவரிடம் போய்ப் படத்தை மாற்றச் சொல்லியிருக்கிறார். எங்களில் யாருக்கும் தெரியாது. மேயர் கயிற்றை இழுத்ததும் பன்னிரண்டு அடி உயர அபிஜா, ஆளுயர மூட்டையோடும், சரியாக எங்கள் மேயர் அளவிலான நாயோடும் அவிழ்ந்து தொங்கினார். கீழே அதே பாணியில், ஒரு காலை முன்னால் வைத்து ஓடும் வெண்கலச் சிலை. சிற்பி ஒன்றும் தவறு செய்யவில்லை. பின்னால் வந்தவர்களை மட்டும் விட்டுவிட்டார்.

டாக்டர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு படத்தின் கீழிருந்த வாசகத்தை முழுக்கப் படித்தார்.  பிறகு சொன்னார்: "நாப்பது வருஷமா உங்க எல்லார்கிட்டயும் நான் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கேன். மீதி இதுதான். இது தெரிஞ்சும் ஒண்ணரை மாசமா மறைச்சேன். அது தாத்தா பண்ணினதில்ல, நான் பண்ணினது. மன்னிச்சிடுங்க."

 தபால் ஆபீஸ் நடத்தும் ஆர்டித் பேங்ஸ்தான் முதலில் கையைத் தூக்கினாள்.

"அப்ப மாவு வந்ததா இல்லையா டாக்டர்?"

"வந்தது."

"நம்ம ஆளுங்க சாப்பிட்டாங்களா?"

"காசு குடுத்துச் சாப்பிட்டாங்க."

"சரி" என்றாள் ஆர்டித். அவளுக்கு வேறு கேள்வி இல்லை.

இரும்புச் சாமான் கடைக்காரர் லைல் படத்தை அண்ணாந்து பார்த்து, "நாய் தத்ரூபமா இருக்குப்பா" என்றார். இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள். அதற்குள் கோழி தயார் என்று யாரோ குரல் கொடுக்க, கூட்டம் கலைந்து வரிசையில் போய் நின்றது.

டாக்டர் மேடையிலேயே நின்றார். கல்லடிக்குத் தயாராக வந்தவர் அவர். யாரும் ஒரு பொடிக்கல்லைக்கூடத் தேடாததில் ஏமாந்துபோய் லைலைக் கூப்பிட்டார்.

"உங்களுக்கெல்லாம் கோபமே வரலையா?"

"எதுக்கு டாக்டர்? அந்தக் கதையை நாங்க எப்ப நம்பினோம்? ஒரு மூட்டை மாவு, எண்பது பேர். பள்ளிக்கூடத்துலயே கணக்குப் போட்டுப் பார்த்துட்டோமே."

"அப்ப நாப்பது வருஷமா ஏன் ஒருத்தரும் சொல்லல?"

"வாயில பஞ்சு இருந்ததே!" என்றார் லைல், கொஞ்சமும் கிண்டல் இல்லாமல்.

அன்றைக்கு டாக்டரின் முகம் நிஜமாகவே விழுந்தது அப்போதுதான். திருடனின் கொள்ளுப்பேரன் என்பதை ஒன்றரை மாதத்தில் எப்படியோ விழுங்கிவிட்டார். யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்பதை அவரால் விழுங்க முடியவில்லை. மேடைப்படியில் உட்கார்ந்துவிட்டார். கோரா ஒரு தட்டில் கோழியும் சோளமும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, அவர் முதுகில் கை வைத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள்.

கூட்டத்தில் ஒரே ஒரு ஆள்தான் சாப்பிடப் போகவில்லை. வெர்னா துணிக்கு மிக அருகே நின்று, தட்டு ஏந்திய முகங்களை இடமிருந்து வலமாக, பஸ்ஸில் பிள்ளைகளை எண்ணுவதுபோல் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கொஞ்ச நேரம் அதையே கவனித்தார். பிறகு எழுந்து அவளிடம் போனார்.

"அந்தக் குளிர்காலத்துல செத்தவங்க பேரை எங்கேயாவது போட்டிருப்பாங்க" என்றார். "அப்பல்லாம் அதுக்குன்னு தனியா இடம் ஒதுக்குவாங்க."

"உங்ககிட்டதானே பத்து இதழும் இருக்கு. போட்டிருந்தா உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?"

 இதைச் சொல்வது மேடையில் சொன்னதைவிட அவருக்குக் கஷ்டமாக இருந்தது என்பதை நான் பார்த்தேன்.

"படம் இல்லாத பக்கங்களை நான் அவ்வளவா படிச்சதில்ல."

வெர்னா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முப்பத்தொரு வருஷம், தனி அறை, தனி வெப்பம், வெள்ளைக் கையுறை. மனிதர் படம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.  "வண்டியை எடுங்க" என்றாள்.

நாங்கள் நான்கு பேரும் கொண்டாட்டத்தை விட்டுவிட்டு டாக்டர் வீட்டுக்குப் போனோம். வெர்னாவை அந்த அறைக்குள் விட்டதே பெரிய விஷயம். ஆளுக்கு இரண்டு மூன்று இதழ்களைப் பிரித்து வைத்துக்கொண்டோம். கோரா கையுறை போட மறுத்தாள், டாக்டர் வற்புறுத்தவில்லை. ஒன்பதாம் இதழின் நான்காம் பக்கத்தில், குதிரை லாயம் வாடகைக்கு என்ற விளம்பரத்துக்குக் கீழே, கண்ணுக்கே தெரியாத எழுத்தில் இருந்தது. 'பட்டினிப் பள்ளத்தில் இவ்வாரம் காலமானோர்.' ஆறு பெயர்கள். ஏறக்குறைய வெர்னாவின் குடும்பப் பெயரே கொண்ட நான்காவது பெயரில் கோராவின் விரல் நின்றது.

"சைலஸ். வயசு பத்தொன்பது."

வெர்னா பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "பத்தொன்பது வயசுப் பையனைப் போய் மாமா மாமான்னோமே" என்றாள்.

அந்த ஏழாம் இதழுக்கு இப்போது சந்தையில் அறுபது டாலர்கூடத் தேறாது. நிறுவனர் தினத்துக்குப் பிறகு மேலும் ஏழு பிரதிகள் கிளம்பிவிட்டன. டாக்டர் தன்னுடைய நான்கில் ஒன்றைப் பட்டினிப் பள்ளத்துப் பள்ளிக்கூடத்துக்கும், ஒன்றை மாவட்ட நூலகத்துக்கும் கொடுத்தார். விலை இன்னும் ஏறும் என்று நம்பி நானும் ரகசியமாக ஒன்றை வாங்கிப் பதுக்கியிருந்தேன். அது என் கடைச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. விற்பனைக்குத்தான். கேட்பவர்கள் எல்லோரும் நாயின் படம் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்கிறார்கள்.

சிலை அப்படியேதான் இருக்கிறது. பெயரை மாற்றினால் ஊரில் எல்லாப் பலகையையும் மாற்ற வேண்டுமே என்று நகரசபை பயந்துவிட்டது. கோழிக்கூட்டுச் சுவர்த்தாளை டாக்டரும் வெர்னாவும் சேர்ந்து மூன்று வாரம் ஆவி காட்டி உரித்தார்கள். அந்த மூன்று வாரமும் நடந்த வாக்குவாதத்தில் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன என்று வெர்னாவின் தம்பி என்னிடம் புகார் செய்தார்.

வாக்குவாதம் புதிய கல்லறைக் கல்லைப் பற்றியது. பத்திரிகையில் அச்சுக் கோத்தவன் அவசரத்தில் ஸ்பூனர் என்பதை 'ஸ்போனர்' என்று போட்டுவிட்டான்.

"அச்சில இருக்கறபடிதான் வெட்டணும். மூலத்தை நாம திருத்தக் கூடாது" என்றார் டாக்டர்.

"அது எங்க பேரு டாக்டர்."

"ஆதாரம்னு இருக்கறது அது ஒண்ணுதானே வெர்னா!"

"நூத்திநாப்பது வருஷம் பேரில்லாம கிடந்த பையன். கிடைச்ச பேரும் தப்பாவா இருக்கணும்?"

டாக்டர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் கல்லில் ஸ்பூனர் என்றே வெட்டினார்கள். டாக்டர் கல் தச்சரை வாராவாரம் போய் மேற்பார்வை பார்த்தார். தச்சரின் வாயில் பஞ்சு எதுவும் இல்லாததால், மனிதர் இரண்டாவது வாரமே டாக்டரை வெளியே போகச் சொல்லிவிட்டார்.